பனி கொண்டுபோன மந்தை... நம்பிக்கை கொடுத்த கடன்!

கையில் தங்கம் இல்லை. அடமானம் வைக்கவும் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவரை நம்பி ஒரு லட்சம் டாலர் கொடுப்பார்களா? கான்ராட் கோர்ஸுக்குக் கொடுத்தார்கள்!

ஐரோப்பாவின் ஹோல்ஸ்டைன் பகுதியில் 1835-ல் பிறந்தவர் கோர்ஸ். 1862-ல் தங்கம் தேடி அமெரிக்காவின் மோன்டானாவுக்கு வந்தார். கிடைத்ததோ, கசாப்புக் கடை வேலை! தங்கம் கிடைக்கிறதோ இல்லையோ, சுரங்கத்தில் உழைப்பவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே? அதைப் புரிந்துகொண்டவர், சொந்தமாகவே இறைச்சிக் கடைகள் வைத்தார்.

கடைக்கு மாடுகள் வேண்டும். 1866-ல் டீர் லாட்ஜ் என்ற சிற்றூரில், ஜானி கிரான்ட் என்பவரின் பண்ணையை வாங்கினார். வேலியில்லாத புல்வெளிகளில் அவரது மந்தைகள் பெருகின.

பிறகு வந்தது 1886-87 குளிர்காலம். கோடையிலேயே புல் காய்ந்திருந்தது. மிச்சமிருந்ததைப் பனி மூடியது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. பல பண்ணைக்காரர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். கோர்ஸுக்கும் பேரிழப்பு.

அப்போதுதான் பியூட் நகர வங்கியாளர் ஏ.ஜே.டேவிஸ் ஈடு எதுவும் கேட்காமல் 1,00,000 டாலர் கடன் கொடுத்தார். கோர்ஸ் மீண்டும் மாடு வாங்கினார். கடனை முழுவதும் அடைத்தார்.

வேலியில்லா மேய்ச்சல் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. குளிர்காலத்துக்குத் தீவனம் சேர்ப்பது பண்ணைகளின் வழக்கமானது.

1920-ல் கோர்ஸ் மறைந்தார். அவரது பண்ணை 1972 முதல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுத் தலம். அங்கே இன்றும் மாடுகள் மேய்கின்றன.

மந்தையைப் பனி கொண்டுபோகலாம். சம்பாதித்த நல்ல பெயரை அதனால் தொட முடியவில்லை!