ஆஃபர் லெட்டர் ரெடி... வீட்டுக் கடன் ரெடியா?

கையில் புது வேலைக்கான ஆர்டர். சம்பளம் இப்போதையதைப் போல ஒன்றரை மடங்கு! கூடவே மனசுக்குப் பிடித்த ஃபிளாட்டும் படிந்து வருகிறது. 'ரெண்டையும் ஒரே முகூர்த்தத்துல முடிச்சுட்டா என்ன?' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

நாளைக்கு வாங்கப்போகிற சம்பளத்தை பாங்க் அவ்வளவு சுலபத்தில் நம்பாது. மூன்று மாத சம்பள ஸ்லிப், ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், இரண்டு வருட ஃபாரம் 16... பெரும்பாலும் கேட்பது இவற்றைத்தான். ஆஃபர் லெட்டரை நீட்டினால், "கங்கிராஜுலேஷன்ஸ் ஸார்! சேர்ந்து மூணு மாசம் ஆனதும் வாங்களேன்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பார் மானேஜர்.

"பழைய ஸ்லிப்பைக் காட்டிக் கடனை வாங்கிட்டு, அப்புறம் ராஜினாமா பண்ணினா?"

கில்லாடி யோசனைதான். ஆனால் ஸாங்ஷன் லெட்டர் வேறு, செக் வேறு! நடுவில் உங்கள் ஆபீஸுக்கு பாங்க்கிலிருந்து ஒரு போன் வரலாம். "அவரா? போன வாரமே ரிலீவ் ஆயிட்டாரே!" என்று பதில் போனால், செக் அங்கேயே நின்றுவிடும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் வம்பு இன்னும் நீளம். பணமே தளம் தளமாகத்தான் வரும்.

மாட்டிக்கொள்வது உங்கள் அட்வான்ஸ்தான். கிரய ஒப்பந்தத்தில் போட்ட கெடு உங்கள் வேலை மாற்றத்துக்காகக் காத்திருக்காது. அதனால், 'கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் வாபஸ்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். வாய் வார்த்தை உதவாது.

வேலை மாறுவதை மானேஜரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். அதே துறை, பல வருட அனுபவம், நடுவில் இடைவெளி இல்லை என்றால் சில பாங்க்குகள் இறங்கி வருவதும் உண்டு.

இன்னொரு கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவிகிதம்தான். 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை 80 சதவிகிதம். மீதியும் பத்திரச் செலவும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். சேமிப்பு காலியாகும் அதே நேரத்தில் புது ஆபீஸில் நீங்கள் புரொபேஷன்! 30 லட்சத்துக்கு எட்டரை சதவிகித வட்டியில் 20 வருஷத் தவணை என்றால், மாதம் சுமார் 26,000 ரூபாய். ஆறு மாதத் தவணையாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள்.

முடியாதா? அவசரமே வேண்டாம். முதலில் புது ஆபீஸில் நாற்காலி சூடாகட்டும். அப்புறம் புது வீட்டில் பால் காய்ச்சலாம்!