மறதிக்கும் ஒரு வேலை உண்டு

ஏப்ரலில் மளமளவென்று வகுத்தல் கணக்குப் போட்ட பிள்ளை ஜூனில் அதே கணக்கைப் பார்த்து விழிக்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளையென்றால் பழியை வாத்தியார் தலையில் போட்டுவிடலாம். வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கு அந்த வசதி கிடையாது. சொல்லித் தந்ததெல்லாம் வீணாகிவிட்டதோ என்று பயந்து, பாடத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். பயத்தில் பாதிக்குக் காரணம் உண்டு. முதல் பக்கத்துக்கு ஓடுவதற்குத்தான் காரணமே இல்லை.

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சோதனைக்கு ஆளும் அவரே. எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. மறந்த வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் குறைவாகப் பிடிக்கிறது என்று கணக்கிட்டார். 1885இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. முதல் நாளில் சரிந்து விழும் நினைவு, அப்புறம் மெல்லத்தான் தேய்கிறது. பொருளே இல்லாத அசைகளுக்கே இவ்வளவு மிஞ்சும் என்றால், புரிந்து போட்ட கணக்கு அடியோடு அழிந்துவிடுமா?

ஆனாலும் விடுமுறையில் அதிகம் அடிபடுவது கணக்குதான். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் கோடை விடுமுறை பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டி 1996இல் அலசினார்கள். வாசிப்பைவிடக் கணக்குப் போடும் திறன் கூடுதலாகச் சரிந்திருந்தது. இழப்பு எவ்வளவு என்பதில் பின்னால் வந்தவர்களுக்குள் தகராறு உண்டு. கணக்குக்கு அடி அதிகம் ஏன் என்பதை ஊகிப்பது சிரமமில்லை. பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் எழுத்து தானாக வந்து கண்ணில் படும். நீள்வகுத்தல் எந்தச் சுவரிலும் ஒட்டியிருப்பதில்லை.

எது விழுகிறது என்று கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால், இடைவெளிக்குப் பிறகு பிள்ளை 13 என்று எழுதக்கூடும். ஒன்றில் ஆறு போகாது, அங்கே பூஜ்யம் போட வேண்டும் என்ற படி நழுவிவிட்டது. அதே பிள்ளையிடம், 'அறுநூறு ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?' என்று கேளுங்கள். நூறு என்று சொல்லிவிடும்; 13 தப்பு என்பதும் அதற்கே புரிந்துவிடும். பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது, தொலைந்தது செய்முறையில் ஒரு படி. அதற்காக வகுத்தல் பாடத்தையே மறுபடி நடத்துவது, பிள்ளைக்கு அலுப்பு, பெற்றோருக்குத் தலைவலி.

ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தம்பதியர் 1992இல் முன்வைத்த கருத்து இதற்கு விளக்கம் தருகிறது. ஒரு விஷயம் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று. இந்த நிமிடம் அதை எவ்வளவு சுலபமாக எடுக்க முடிகிறது என்பது வேறொன்று. இடைவெளியில் குறைவது இரண்டாவதுதான். அதிலும் வேடிக்கை, எடுப்பதற்குக் கஷ்டமாகிவிட்ட ஒன்றை முயன்று எடுத்தால் பதிவு முன்னைவிட ஆழமாகிறது. பெற்றோர் எரிச்சல்படும் அந்த 'ம்...' என்ற இழுவையில்தான் வேலை நடக்கிறது. அவசரப்பட்டு விடையைச் சொன்னால் அந்த வேலை கெட்டுப்போகும்.

ஆகவே, திரும்பும் முதல் நாளில் பாடம் வேண்டாம். வெற்றுத் தாளில் ஐந்தாறு கணக்குகள்: ஒரு கழித்தல், ஒரு பின்னம், ஒரு பரப்பளவு, வாய்ப்பாட்டில் இரண்டு. யோசிக்க நேரம் கொடுங்கள், தப்பை அங்கேயே திருத்துங்கள். தடுக்கிய இடத்துக்கு மட்டும் பாடம் போதும்.

பல வகைக் கணக்குகளைக் கலந்து தருவதற்கும் சான்று உண்டு. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் அதிகம் பழக்கமில்லாத திண்மங்களின் கன அளவைக் காணப் பயின்றார்கள். வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதம், பின்னவர்கள் 63 சதவீதம்! 'பின்னம்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் எந்த முறையைக் கையாள்வது என்ற யோசனைக்கே இடமில்லை. கலந்திருந்தால் அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்த பயிற்சிப் புத்தகங்கள் பிள்ளையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் மகிழ்விக்கின்றன என்பது என் எண்ணம்.

நீண்ட காலக் கணக்கை ஹாரி பாரிக், லிண்டா ஹால் இருவரும் 1991இல் வெளியிட்டார்கள். பள்ளியில் கற்ற இயற்கணிதம் ஐம்பது ஆண்டு வரை எப்படி நிற்கிறது என்று பார்த்த ஆய்வு அது. மேற்கொண்டு உயர்கணிதப் பாடங்களையும் எடுத்து, பல ஆண்டுகள் இயற்கணிதத்தைப் புழங்கியவர்களிடம் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. தொடக்கப் பாடத்தோடு நிறுத்தியவர்கள், அதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், இழந்திருந்தார்கள். வகுப்பறை ஆசிரியருக்கு மார்ச்சுக்குள் பாடத்தை முடிக்கும் நெருக்கடி. பழையதைத் தொட நேரம் வாய்ப்பது அபூர்வம். வீட்டிலோ, இந்த ஜூலையில் கற்ற பின்னத்தில் ஒன்றை டிசம்பரில் ஒரு நாள், அடுத்த ஆகஸ்டில் ஒரு நாள் எடுத்துப் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை.