பழியும் பொறுப்பும்

"நான் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. பிறர் படும் துன்பத்திற்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?" என்று நெய்வேலியில் மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நல்ல வினாதான். நீதிமன்றம் அவன் பக்கமே தீர்ப்புக் கூறும். ஆனால் இயேசு பெருமான் சொன்ன நல்ல சமாரியன் கதையை நினைத்துப் பாருங்கள். கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போயினர். அவர்கள் அவனை அடிக்கவில்லை. அவன் பொருளைப் பறிக்கவுமில்லை. ஆயினும் கதை அவர்களை விடுவதில்லை. கிறிஸ்து சமயம் பழியையும் பொறுப்பையும் வேறுபடுத்திக் காணும் இடம் இதுவே.

நமக்கு வடக்கேயுள்ள திண்டிவனத்தில், 1890-களின் தொடக்கத்தில் நடந்த செய்தி ஒன்று உண்டு. மருத்துவராகிய தந்தையின் வீட்டில் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் தங்கியிருந்தார். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தந்தை வரச் சித்தமாயிருந்தார்; ஆடவர் மருத்துவம் பார்ப்பதை வழக்கம் தடுத்தது. ஐடாவோ மருத்துவம் படியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

இதில் ஐடாவின் பழி எள்ளளவும் இல்லை. ஊர் வழக்கத்தைக் குறைகூறிவிட்டு, முன்னர் எண்ணியவாறே அமெரிக்கா சென்று சுகமாக வாழ்ந்திருக்கலாம். சென்றார், ஆனால் மருத்துவம் பயிலச் சென்றார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே திரும்பினார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவர் போதாது என்று கண்டு, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். (ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டா, அவ்விரவை மறவாதிருந்தால் போதும்.)

இனி நம் ஊருக்கு வருவோம். 1957-இல் நேரு பெருமகனார் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சாரம் பிறந்தது. நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரியை அடைய மேலேயுள்ள மண் முழுவதையும் அகற்றியாக வேண்டும். மேலே வயலும் வீடும் இருந்தால் அவையும் போகவேண்டியனவே. ஈடு கொடுக்கப்பட்டது, அது போதுமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அதனைத் தீர்க்க நான் வரவில்லை. என் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு பையன் நாள்தோறும் காலந்தாழ்ந்து வருவான். அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்துவேன். ஒழுங்கு காப்பதாக எனக்கு எண்ணம். சுரங்கத்திற்காக ஊர் பெயர்ந்து, புதுக் குடியிருப்பிலிருந்து அவன் நெடுந்தூரம் நடந்து வருகிறான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்த பின்னும், "ஊரை எடுத்தவன் நானா?" என்று வாளா இருந்தேன். சில வாரங்களில் அவன் வருவது நின்றது. தேடிச் செல்ல ஒரு மாலைப்பொழுது போதும், நான் செல்லவில்லை. மாத இறுதியில், நெய்வேலி மின்விளக்கின் ஒளியில், வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.