மணல்வெளியில் ஒரு கும்பெனித் துரை

வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட கும்பெனிச் சேனை, ஆரல்வாய்மொழிக் கணவாயை மறித்து நின்ற திருவிதாங்கூர்க் கோட்டை அரணை 1809ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கைப்பற்றியது. அந்தப் போரில் படுகாயமுற்று மாண்ட காப்டன் போல் என்பவருடைய சடலம், போர்க்களத்துக்கு ஏறத்தாழ 25 மைல் தூரத்தில், திருநெல்வேலிச் சீமையின் மணல்வெளி ஒன்றில் அடக்கமாயிற்று. வருஷங்கள் பல கழிந்தபின் சுற்றுவட்டாரத்துக் குடிகள் அந்தச் சமாதிக்கு வழிபாடு நடத்தத் தலைப்பட்டார்கள். சாராயமும் சுருட்டும் துரைக்குப் படையலாயின.

இடையன்குடியில் சமயப்பணி புரிந்த கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இச்செய்தியை வியப்போடு குறிக்கிறார். மேல்நாட்டுப் பாதிரியார் ஒருவருக்கு வியப்பு உண்டானது இயல்பே. ஆனால் சாராயமும் சுருட்டும் வெள்ளைக்காரருக்கென்று புதிதாகத் தேடிப் பிடித்த பண்டங்களா என்ன? சுடுகாட்டில் கோயில்கொண்ட சுடலைமாடனுக்கு அந்தச் சீமையார் படைப்பவையும் அவைதாமே! ஆயுள் முடியுமுன் ஆயுதத்தால் மாண்டவனுடைய ஆவி பசியோடும் கோபத்தோடும் அலையும், அதற்குப் பீடம் அமைத்து வேண்டியதைக் கொடுத்துச் சாந்தி செய்தால் அதுவே ஊருக்குக் காவலாகும் என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. கள்வரோடு பொருது மடிந்த முத்துப்பட்டன், காரையாற்றுச் சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயனாக நின்று, அடியார்களிடம் தோற்செருப்பையே காணிக்கையாக ஏற்பதும் இந்த மரபுதான். செருப்புத் தைக்கும் குலத்தில் பெண்கொண்டு அத்தொழிலையே மேற்கொண்டவன் அவன்.

கட்டபொம்மனைக் கும்பெனியார் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல். போல் மாண்டது அதற்குப் பத்தே வருஷங்களுக்குப் பின். அந்தக் கும்பெனியின் போர்வீரன் ஒருவன் உற்றார் உறவினரின்றி அந்நிய மண்ணில் கிடக்கிறான் என்று கண்டபோது, தங்கள் வீட்டில் துர்மரணம் அடைந்தவனுக்குச் செய்வதை அவனுக்கும் செய்த அந்த ஏழைகளின் செயலில் அச்சம் இருந்திருக்கலாம். அதனினும் மிகுதியாகக் கருணை இருந்தது என்றே நான் கொள்கிறேன். இதைப் பேய்வழிபாடு என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை.

கால்டுவெல் எழுதும்போதே அந்த வழிபாடு பழங்கதையாகியிருந்தது. அத்தகைய வழிபாடுகளை அகற்றுவதற்கென்றே வந்த அவர், இந்த ஒன்றை எழுதிவைத்துப் போனமைக்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.