‘அக்ஸீட்’ என்னும் ஆங்கிலச் சொல்

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே இந்தி, கடிதத்திலே ஆங்கிலம். இந்தக் கடித ஆங்கிலம்தான் ஆளைச் சிக்கலில் மாட்டிவிடுவது. வங்கியோ பள்ளிக்கூடமோ எழுதும் கடிதத்தில், ‘தங்கள் ரிக்வெஸ்டுக்கு அக்ஸீட் ஆக இயலவில்லை, வருந்துகிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். முடியாது என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இல்லை.

இது லத்தீன் வழி வந்த சொல். ‘அத்’ என்றால் பக்கமாக. பின்பாதி, போதல், நகர்தல். சேர்த்துச் சொல்லும்போது ‘அத்’ என்பது ‘அக்’ ஆகிவிடுகிறது. நம் புணர்ச்சி விதி மாதிரிதான். ‘எக்ஸீட்’ இதன் உடன்பிறப்பு. அது எல்லையைத் தாண்டி வெளியே போவது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே ‘அக்ஸீட்’ என்றால், ஒருவர் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றவர் அவர் பக்கம் நகர்ந்து வந்தார் என்று அர்த்தம். தமிழில் ‘இணங்கினார்’ என்பதே பொருத்தம். ‘கோரிக்கைக்கு இணங்கினார்’ என்று நாம் ‘கு’ உருபு போடுகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு’ வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் பிழை.

அரியணை ஏறுவதற்கும் இதே சொல்தான். மூன்றாம் சார்லஸ் அக்ஸீட் ஆனது 2022 செப்டம்பர் 8, தாயார் இறந்த அன்றே. முடிசூட்டு விழா 2023 மே 6-இல்தான் நடந்தது.

நம் தேச சரித்திரத்திலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. 1947-இல் சமஸ்தானங்கள் கையெழுத்திட்ட பத்திரத்துக்கு ‘இன்ஸ்ட்ருமென்ட் ஆஃப் அக்ஸெஷன்’ என்று பெயர். காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் அக்டோபர் 26-இல் கையெழுத்திட்டார். மவுண்ட்பேட்டன் மறுநாள் ஏற்றார். மன்னர் நகர்ந்து வருகிறார், இந்தியா ஏற்றுக்கொள்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் போக்குவரத்து ஆகிய மூன்றை மட்டுமே அந்தப் பத்திரம் ஒப்படைத்தது. ராஜ்யம் கரைந்து போவதற்கு ‘மெர்ஜர்’ என்று வேறு சொல். நம் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு 1948 மார்ச்சில் சேர்ந்ததே, அது மெர்ஜர்.

சர்வதேச உடன்படிக்கையிலும் இப்படித்தான். முதலிலேயே கையெழுத்துப் போட்ட நாடு பிறகு ‘ராடிஃபை’ செய்யும். போடாமல் பின்னால் வந்து சேரும் நாடு அக்ஸீட் ஆகும். டிரேட் மார்க்கை வெளிநாடுகளில் பதிய உதவும் மாட்ரிட் புரோட்டோகால் 1989-இல் உண்டானது. இந்தியா அதில் சேர்ந்தது 2013-இல்.

இனி நம் கடை விவகாரம். இரு தரப்பும் பேசி முடித்த விலைக்கு இந்தச் சொல் கூடவே கூடாது; ‘அக்ரீ’ போதும். சரக்குக் குறைவு என்று ஒருவர் பணம் கேட்க, சமாதானத்துக்காகக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘உங்கள் டிமாண்டுக்கு அக்ஸீட் ஆகிறோம்’ என்று எழுதினால், அவர் கேட்டது முழுவதையும் ஒத்துக்கொண்டதாகவே படிப்பார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் நீட்டுவார்.

வாங்குகிற பக்கத்திலும் கவனம் வேண்டும். வீட்டு அட்வான்ஸ் திரும்ப வரவேண்டியது நம் பணம். அதைத் தரும்போது, ‘உங்கள் ரிக்வெஸ்டுக்கு அக்ஸீட் ஆகி’ என்று எழுதி, உரிமையைச் சலுகை ஆக்கிவிடுகிறார்கள். முதல் கடிதத்தில் ‘ரிக்வெஸ்ட்’ என்று எழுதியது யார்? நாம்தானே. ‘எனக்குச் சேரவேண்டிய தொகை’ என்று எழுதுங்கள். அவர்கள் வேறு சொல் தேடிக்கொள்ளட்டும்.