கல்நார் கழற்றும் மேஸ்திரிக்கும் பரீட்சை! 100 கேள்வி... 70 மார்க் எடுத்தால்தான் பாஸ்

பழைய கட்டிடத்தை இடிக்கணுமா? கூரையை கழற்றணுமா? ஒரு மேஸ்திரியை பிடித்தால் போதும். ஆள் சேர்த்து, கூலி பேசி, இரண்டே நாளில் வேலையை முடித்துவிடுவார். அவர் என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அமெரிக்காவில் அந்த கட்டிடத்தில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் கதையே வேறு. அங்கு கல்நார் அகற்றும் வேலைக்கு சூப்பர்வைசராக நிற்பவர் முதலில் 5 நாள் வகுப்பில் உட்கார வேண்டும். கடைசி நாளில் 100 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். 70 மார்க் வாங்கினால்தான் பாஸ். ஒரு மார்க் குறைந்தாலும் பெயில்தான்.

கூரை, குழாய், சுவர் கழற்ற எதற்கு இத்தனை கெடுபிடி? காரணம் இருக்கிறது.

கண்ணுக்கு தெரியாத எமன்

கல்நார் என்பது மண்ணில் இருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு தாதுப்பொருள். பஞ்சு போல நார் நாராக பிரியும். தீப்பிடிக்காது, விலையும் குறைவு. இதனால் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் கூரை ஷீட், நீராவி குழாய் உறை, தரை ஓடு, பிரேக் ஷூ என்று எல்லாவற்றிலும் இதை சேர்த்தார்கள்.

உடையாமல் சும்மா இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால்தான் ஆபத்து. தலைமுடியை விட பல மடங்கு மெல்லிய நார்கள் காற்றில் பறக்கும். கண்ணுக்கு தெரியாது. வாசனை இருக்காது. மூச்சோடு நுரையீரலுக்குள் போய் தங்கிவிடும்.

இதனால் நுரையீரல் இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலை சுற்றியுள்ள சவ்வில் வரும் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோய் ஆகியவை வருகின்றன. அதுவும் உடனே வராது. 20, 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

இன்று வேலை பார்த்தவருக்கு நாளைக்கு இருமல் வந்தால் அவரே உஷாராகி விடுவார். இதில் அப்படி எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. அதனால்தான் தூசியை தடுக்க தெரிந்த ஒருவர் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கியது

அமெரிக்காவில் பள்ளிக்கூட கட்டிடங்களில் இருந்த கல்நார்தான் முதலில் பெரிய பிரச்சினை ஆனது. குழந்தைகள் படிக்கும் இடமாச்சே என்று 1986-ல் தனிச் சட்டம் வந்தது. கல்நாரை அகற்றுபவர்களுக்கு பயிற்சியும் சான்றிதழும் கட்டாயம் ஆனது. 1990-ல் வந்த இன்னொரு சட்டம் இதை பொது கட்டிடங்கள், வணிக கட்டிடங்களுக்கும் நீட்டியது. 10 வீடுகளுக்கு குறைவான சின்ன குடியிருப்புகள் மட்டும் இந்த சட்டத்தில் சேராது.

யாருக்கு எத்தனை நாள் பயிற்சி, எத்தனை கேள்வி என்ற விவரத்தை சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வகுத்தது. 1994-ல் அதை திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள்.

அதன்படி சாதாரண தொழிலாளிக்கு 4 நாள் வகுப்பு, 50 கேள்வி. சூப்பர்வைசருக்கு 5 நாள் வகுப்பு, 100 கேள்வி. இருவருக்குமே 70 சதவீதம் கட்டாயம். ஆக, கல்நாரை தொடும் தொழிலாளியும் பரீட்சை எழுதியவர்தான். அவரை வேலை வாங்குபவர் அதைவிட கூடுதலாக தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

5 நாளில் என்ன பாடம்?

கல்நாரை எப்படி அடையாளம் காண்பது, என்னென்ன நோய் வரும் என்பதில் பாடம் தொடங்குகிறது. அடுத்து முகமூடி, பாதுகாப்பு உடை. அதன்பின் தூசி பறக்காமல் கழற்றும் முறை.

கல்நார் உள்ள அறையை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி சீல் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை வடிகட்டி உள்ள மிஷின் மூலம் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் காற்று வெளியில் இருந்து உள்ளே போகுமே தவிர, உள்ளே இருக்கும் தூசி வெளியே கசியாது. கல்நாரை தண்ணீரால் நன்றாக நனைத்த பிறகே கழற்ற வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பையில் போட்டு கட்டி, எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும்.

இதில் மற்ற ஆபத்துகளும் உண்டு. தண்ணீர் அடிக்கும் இடத்தில் கரண்ட் ஒயர் இருந்தால் ஷாக் அடிக்கும். உடம்பு முழுக்க மூடிய உடையில் வேலை பார்த்தால் வெக்கையில் மயக்கம் வரும். உயரத்தில் இருந்து தவறி விழலாம். இவற்றையும் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

காற்றில் எவ்வளவு நார் பறக்கிறது என்று அளப்பது, மருத்துவ பரிசோதனை, சட்ட விதிகள், கணக்கு வழக்கு எழுதி வைப்பது, இன்சூரன்ஸ், ஆட்களை மேற்பார்வை செய்யும் விதம் ஆகியவையும் பாடங்கள்தான்.

வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. 5 நாளில் குறைந்தது 14 மணி நேரம் கையால் செய்து பழக வேண்டும். முகமூடி அவரவர் முகத்துக்கு சரியாக பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக சோதித்து பார்க்கிறார்கள். ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் அது வழியாக தூசி உள்ளே போய்விடுமே!

ஒரு தடவை பாஸ் ஆனால் போதாது

இந்த சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும் ஒரு நாள் மறுபயிற்சி எடுத்து புதுப்பிக்க வேண்டும். காலாவதி ஆகி 12 மாதம் வரை மறுபயிற்சிக்கு போகலாம். அதையும் தவறவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து 5 நாள் வகுப்பு, 100 கேள்வி!

சான்றிதழை வீட்டு பீரோவில் பூட்டி வைக்கவும் முடியாது. வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் சான்றிதழ் பெற்ற ஒரு சூப்பர்வைசராவது அங்கேயே இருக்க வேண்டும். காலையில் தலையை காட்டிவிட்டு அடுத்த சைட்டுக்கு கிளம்பிப் போகிற கதையெல்லாம் நடக்காது.

தொழிலாளி கூப்பிட்டால் வரணும்

தொழிலாளர் பாதுகாப்பை கவனிக்கும் 'ஓஷா' என்ற அரசு அமைப்பு தனியாக விதிகள் போட்டுள்ளது. குழாய் மேல் சுற்றிய கல்நார், சுவரிலும் கூரையிலும் தெளித்த கல்நார் ஆகியவற்றை அகற்றுவது மிக ஆபத்தான முதல் வகை வேலை. இதில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தடவையாவது சூப்பர்வைசர் நேரில் சோதனை செய்ய வேண்டும்.

அதோடு தொழிலாளி எப்போது கேட்டாலும் வந்து பார்க்க வேண்டும். "பிளாஸ்டிக் கிழிஞ்சிருக்கு, வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டால், "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று தட்டிக்கழிக்க முடியாது. தொழிலாளியின் பயிற்சி செலவும் முதலாளி தலையில்தான். கூலியில் பிடிக்கக்கூடாது.

காற்றில் இருக்கக்கூடிய நார் அளவையும் நிர்ணயித்துள்ளனர். 8 மணி நேர சராசரியில் ஒரு சி.சி. காற்றுக்கு 0.1 நார். அதாவது 10 சி.சி. ஊசி சிரிஞ்சு முழுக்க காற்றை இழுத்தால் அதில் ஒரே ஒரு நார் இருக்கலாம். ரொம்ப கம்மியாக தெரிகிறதா? ஒரு மூச்சுக்கு சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அந்த கணக்கில் மூச்சுக்கு 50 நார்! சட்டம் அனுமதித்த அளவு என்பதால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் ஆகாது. முகமூடி அவசியம் என்பதும் இதனால்தான்.

சட்டையில் வீட்டுக்கு வரும் ஆபத்து

முதல் வகை வேலையில் வேலை முடிந்ததும் அப்படியே வீட்டுக்கு கிளம்ப முடியாது. மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். முதல் அறையில் அழுக்கு உடையை கழற்ற வேண்டும். முகமூடியை மட்டும் அங்கே கழற்றக்கூடாது. அடுத்த அறையில் குளியல். மூன்றாவது அறையில்தான் சொந்த உடை. இதை ஒவ்வொருவரும் ஒழுங்காக செய்கிறார்களா என்று பார்ப்பதும் சூப்பர்வைசர் பொறுப்பு.

காரணம், கல்நார் ஆலைப்பக்கமே போகாமல், புருஷனின் வேலை சட்டையை உதறி துவைத்த பெண்களுக்கும் மீசோதீலியோமா வந்திருக்கிறது. பல நாடுகளில் டாக்டர்கள் இதை பதிவு செய்துள்ளனர்.

25 ஆண்டு ஜெயில்

இத்தனை சட்டம் இருந்தும் ஏமாற்றியவர்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் கல்நார் அகற்றும் கம்பெனி நடத்திய தந்தையும் மகனும், தொழிலாளர்களை விட்டு கல்நாரை நனைக்காமல் அப்படியே பிய்த்து எடுக்க வைத்தனர். காற்று சுத்தமாக இருக்கிறது என்று பொய் ரிப்போர்ட் தந்த பரிசோதனை நிலையத்தில் ரகசிய பங்கும் வைத்திருந்தது அம்பலமானது. 2004 டிசம்பரில் மகனுக்கு 25 ஆண்டு, தந்தைக்கு 19½ ஆண்டு ஜெயில் தண்டனை விதித்து கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அந்த கம்பெனியில் வேலை பார்த்த சூப்பர்வைசர்கள் சிலரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 'முதலாளி சொன்னார், செய்தேன்' என்ற சாக்கு எடுபடவில்லை.

நம்ம ஊர் கூரை

நம்ம ஊர் வீடுகள், மாட்டுக்கொட்டகை, பட்டறைகளில் போடும் சிமெண்ட் ஷீட்டிலும் பெரும்பாலும் இதே கல்நார்தான் கலந்திருக்கிறது. இந்தியாவில் வெள்ளை கல்நாருக்கு முழு தடை இல்லை. கல்நார் தொழிலாளர்களின் உடல்நல பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளில் இருந்து 40 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் பழைய ஷீட்டை மாற்ற ஆள் கூப்பிடும்போது சான்றிதழ் இருக்கா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சுத்தியலால் நாலு தட்டு தட்டி, துண்டு துண்டாக கீழே எறிவதுதான் வழக்கம். வாயில் ஒரு துண்டு கட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்த துணியால் கல்நாரை தடுக்க முடியாது.

அந்த 5 நாள் பாடத்தில் இருந்து நம்ம மேஸ்திரிகளும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

* நல்ல நிலையில் உள்ள ஷீட்டை தேவையில்லாமல் தொட வேண்டாம். அறுக்கவோ, மிஷின் வைத்து துளை போடவோ கூடாது.

* கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் கரண்டை நிறுத்திவிட்டு, நன்றாக தண்ணீர் விட்டு நனைக்கவும். போல்ட்டை கழற்றி, ஷீட்டை முழுசாக இறக்கவும். மேலே இருந்து எறியக்கூடாது.

* ஷீட் மேல் கால் வைக்க வேண்டாம். உடைந்து ஆளே உள்ளே விழ நேரிடும்.

* தூசியை காய்ந்த விளக்குமாறால் கூட்டக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்த துணியையும் பையில் கட்டிவிட வேண்டும்.

* குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

* வேலை உடையை உதறாமல் நனைத்து, மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக துவைக்கவும்.

* உடைந்த துண்டுகளை தெருவிலோ, பள்ளம் நிரப்பவோ போடக்கூடாது.

இதை செய்தால் தூசி குறையும். ஆனால் 5 நாள் பயிற்சிக்கு இது ஈடாகாது. அமெரிக்காவில் அந்த 100 கேள்விக்கு பதில் எழுதியவருக்கு வேலையை நிறுத்த தெரியும். இங்கே கூரை மேல் ஏறும் கூலி ஆளுக்காக 'நிறுத்துங்கப்பா' என்று சொல்ல ஒரு மேஸ்திரிக்காவது தெரிந்திருக்க வேண்டும்.