ஷாங்காயில் அம்மா, அன்ஹுயில் மகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2024ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியை ஷாங்காயில் கழித்தேன். எங்கள் விடுதியின் நான்காம் மாடியைத் துப்புரவு செய்த பெண்மணியை எல்லா மாணவர்களும் ‘ஆயி’ என்றே அழைத்தோம். மாண்டரினில் அத்தை, சித்தி வயதில் இருக்கும் பெண்களை அப்படி அழைப்பது வழக்கம். தமிழிலும் ‘ஆயி’ என்றால் தாய் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது.

ஆயிக்கு 52 வயது. ஷாங்காய்க்கு வந்தது 1996ஆம் ஆண்டில். “அப்படியென்றால் நீங்கள் ஷாங்காய்க்காரர்தானே?” என்று பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழியாகக் கற்ற என் அரைகுறை மாண்டரினில் கேட்டேன்.

“இல்லை பிள்ளை, நான் அன்ஹுய்க்காரி. இங்கே வேலை மட்டும்தான் பார்க்கிறேன்,” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகள்! நான் பூமியில் வாழ்ந்த காலத்தைவிட அதிகமான காலம் ஒரு நகரத்தில் வாழ்ந்த ஒருவர், எப்படி அந்த நகரத்தைச் சேர்ந்தவராக இல்லாமல் போவார்? சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு அது புரியவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறினால் அடையாள அட்டையில் முகவரியை மாற்றினால் போதும். நமக்குத் திரும்பிப் போகக் கிராமம் என்ற ஒன்றும் இல்லை. அந்தப் பருவத்தின் ஆய்வுக் கட்டுரைக்கு நான் சீனாவின் நகரமயமாதலைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆயியின் அந்த ஒரு பதிலே காரணம்.

அரிசிச் சீட்டு போட்ட வேலி

சீன மக்கள் குடியரசு உருவான 1949ஆம் ஆண்டில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவரே நகரத்தில் வாழ்ந்தார். புதிய தொழிற்சாலைகளைத் தேடிக் கிராமத்தினர் நகரங்களுக்கு வரத் தொடங்கினர். 1958 ஜனவரியில் வந்த ஒரு சட்டம் அந்த ஓட்டத்துக்குத் தடை போட்டது. அதுதான் ‘ஹூகோவ்’ எனப்படும் குடும்பப் பதிவு முறை.

ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஊரில் பதிவு செய்யப்பட்டது. ‘வேளாண் குடும்பம்’, ‘வேளாண்மை சாராத குடும்பம்’ என்று இரண்டு வகை. நகரப் பதிவு உள்ளவருக்கு வேலை, வீடு, மருத்துவம், பள்ளி எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. கிராமப் பதிவு உள்ளவர் கூட்டுப் பண்ணையில் உழைத்து அங்கு விளைவதில் தமக்குரிய பங்கைப் பெற வேண்டும். பதிவு பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். 1998 வரை அது தாய்வழியாகவே பிள்ளைக்கு வந்தது. தந்தை நகரத்தவராக இருந்தாலும் தாய் கிராமத்தவர் என்றால் பிள்ளையும் கிராமத்தவர்தான்.

நகரத்தைச் சுற்றி மதில் எதுவும் கட்டப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நகரத்தில் அரிசி, மாவு வாங்கப் பங்கீட்டுச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் நகரப் பதிவு வேண்டும். கையில் பணம் இருந்தாலும் கிராமத்திலிருந்து வந்தவரால் நகரத்தில் நீண்ட நாள் வயிற்றை நிரப்ப முடியாது.

இடையில் மக்களை இரு திசைகளிலும் அரசாங்கமே நகர்த்தியது. ‘மாபெரும் பாய்ச்சல்’ காலத்தில் தொழிற்சாலைகளுக்கென மில்லியன்கணக்கான கிராமத்தினர் சேர்க்கப்பட்டனர். கொடும் பஞ்சம் வந்ததும், 1961 முதல் ஏறத்தாழ 20 மில்லியன் பேர் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஏறத்தாழ 17 மில்லியன் நகர இளையர்கள் வயல்வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1978ஆம் ஆண்டில்கூட சீனாவின் நகரவாசிகள் 18 விழுக்காட்டைத் தொடவில்லை.

வேலி திறந்தது

மாற்றம் தொடங்கிய இடங்களில் ஒன்று ஆயியின் சொந்த மாநிலமான அன்ஹுய். 1978ஆம் ஆண்டின் இறுதியில் அங்குள்ள சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் இரகசியமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசாங்கத்துக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்பதே அது. பின்னர் அதே முறை நாடு முழுவதும் பரவியது. விளைச்சல் கூடியது. அதே வயலில் வேலை செய்ய முன்புபோல் அத்தனை பேர் தேவைப்படவில்லை.

வயலைவிட்டு வெளியேறுங்கள், ஆனால் ஊரைவிட்டு வெளியேறாதீர்கள் என்பதே 1980களில் அரசாங்கத்தின் எண்ணமாக இருந்தது. அதனால் சிற்றூர்களிலேயே தொழிற்சாலைகள் முளைத்தன. 1978ல் 28 மில்லியன் பேருக்கு வேலை கொடுத்த அந்தக் கிராமத் தொழில்கள், 1996ல் 135 மில்லியன் பேருக்கு வேலை கொடுத்தன.

ஆனால் கடலோரம் வேறு வேகத்தில் ஓடியது. 1980ல் ஷென்சென் சிறப்புப் பொருளியல் வட்டாரமானது. 1990ல் ஷாங்காயின் புடோங் பகுதியை மேம்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1992ல் டெங் சியாவ்பிங் தென் நகரங்களுக்குச் சென்று சீர்திருத்தத்தை விரைவுபடுத்தச் சொன்னார். அதே ஆண்டுகளில் உணவுப் பங்கீட்டுச் சீட்டு முறையும் கைவிடப்பட்டது. பணம் இருந்தால் யாரும் அரிசி வாங்கலாம் என்றானது. பாடநூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்திதான். ஆனால் கோடிக்கணக்கானோருக்கு நகரத்தின் கதவைத் திறந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆயி 24 வயதில், ஊர்த்தோழியர் இருவருடன் ஃபூயாங் பகுதியிலிருந்து இரவு முழுவதும் ரயிலில் நின்றபடியே ஷாங்காய் வந்து சேர்ந்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஓர் அறையில் எட்டுப் பேர். “முதல் மாதச் சம்பளத்தை எண்ணியபோது கை நடுங்கியது. அப்பா ஓர் ஆண்டில் பார்க்காத பணம்,” என்றார்.

அட்டை இல்லாததால் போன உயிர்

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, பதிவு கிடைக்கவில்லை. தற்காலிகக் குடியிருப்பு அட்டை எடுத்து எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காவல்துறை பிடித்துவைத்துச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம்.

2003 மார்ச்சில், ஹுபெய் மாநிலத்தைச் சேர்ந்த சுன் ஷிகாங் என்ற 27 வயதுப் பட்டதாரி குவாங்சோ நகரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு மாலை வெளியே சென்றவரிடம் அட்டை இல்லை. பிடித்துச் செல்லப்பட்ட அவர், மூன்று நாள்களில் தடுப்புக்காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நாளேடு ஒன்று அச்செய்தியை வெளியிட, நாடே கொதித்தது. சட்ட அறிஞர்கள் மூவர் அந்தச் சட்டத்தையே கேள்வி கேட்டு மனு அனுப்பினர். சில மாதங்களில் தடுத்துவைத்துத் திருப்பி அனுப்பும் முறை ஒழிக்கப்பட்டது.

அதைப் பற்றி ஆயியிடம் கேட்டேன். சட்டத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. “அதற்குப் பிறகு இரவில் கடைக்குப் போகப் பயமில்லை,” என்று மட்டும் சொன்னார்.

பள்ளி வாசலில் நின்ற வேலி

2011ஆம் ஆண்டில் சீன வரலாற்றில் முதன்முறையாக நகரவாசிகள் பாதியைத் தாண்டினர். 2024ல் அந்த விகிதம் 67 விழுக்காடு. எண்ணிக்கையில் 940 மில்லியனுக்கும் அதிகம். ஒரே தலைமுறைக் காலத்தில் இத்தனை பெரிய இடம்பெயர்வை உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் இந்த எண்ணுக்குள் இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. 2023ல் நகரங்களில் வாழ்ந்தோர் 66 விழுக்காடு. நகரப் பதிவு பெற்றவர்களோ 48 விழுக்காடுதான். இடையிலுள்ள ஏறத்தாழ 250 மில்லியன் பேர் நகரத்தில் வாழ்ந்தும் நகரப் பதிவில் இல்லாதவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஷாங்காயின் 24.87 மில்லியன் பேரில் 10 மில்லியனுக்கும் அதிகமானோர் வெளியூர்ப் பதிவுக்காரர்கள். ஆயி அவர்களில் ஒருவர்.

அவருக்கு ஒரு மகள், என் வயதுதான். மூன்று வயதில் ஷாங்காய்க்கு வந்தார், வெளியூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான தொடக்கப்பள்ளியில் படித்தார். 12 வயதில் ஃபூயாங்கிலுள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். காரணம், தேர்வு. ஷாங்காயில் பொது உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வையும் பின்னர் ‘காவ்காவ்’ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வையும் எழுத உள்ளூர்ப் பதிவு வேண்டும். அல்லது பெற்றோரின் குடியிருப்பு அட்டையில் 120 புள்ளிகள் சேர்ந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு, தொழில்நுட்பத் தகுதி, குறைந்த வயது, சமூகக் காப்புறுதிச் சந்தா ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத ஒரு துப்புரவாளர் எத்தனை ஆண்டுகள் தரை துடைத்தாலும் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம்.

பெற்றோர் நகரத்தில், பிள்ளை கிராமத்தில். சீனாவில் இவர்களைப் ‘பின்னே விடப்பட்ட பிள்ளைகள்’ என்கிறார்கள். 2010 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு ஒன்று, அவர்களின் எண்ணிக்கை 61 மில்லியன் என்கிறது. சிங்கப்பூரின் மக்கள்தொகையைப்போல் பத்து மடங்கு.

நான் இரவில் அம்மாவிடம் காணொளியில் பேசுவதை ஆயி ஒருமுறை பார்த்தார். “அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?” என்று கேட்டார். விமானத்தில் ஐந்து மணி நேரம் என்றேன். “தினமும் பேசுகிறாயே, நல்லது. என் மகளை ஆறு ஆண்டுகள் சீனப் புத்தாண்டுக்கு மட்டும்தான் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் அளவு தெரியாமல் சட்டை வாங்கிப் போவேன். ஒன்றும் பொருந்தாது,” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காற்று திசை மாறுகிறது

அக்டோபர் தேசிய தின விடுமுறையில் அந்த மகள் வந்திருந்தார். அன்ஹுய் தலைநகரான ஹெஃபெய்யில் தாதிமை படிக்கிறார். அதிவேக ரயில் வந்த பிறகு அம்மாவைப் பார்க்கச் சில மணி நேரப் பயணம்தான். ஷாங்காய் வட்டாரமொழியும் அவருக்குப் புரியும். “இந்த ஊர்த் தெருக்கள் எனக்கு அத்துப்படி. ஆனால் வந்து போகும் விருந்தாளிதான் நான்,” என்றார் சாதாரணமாக. அவர் குரலில் கோபமில்லை. அதுவே என்னை அதிகம் உறுத்தியது.

இன்று நிலைமை தலைகீழாகி வருகிறது. 2014ல் அறிவிக்கப்பட்ட புதிய நகரமயத் திட்டம் 100 மில்லியன் பேருக்கு நகரப் பதிவு வழங்க இலக்கு வைத்தது. அது எட்டப்பட்டதாக அரசாங்கமும் அறிவித்தது. மூன்று மில்லியனுக்குக் குறைவானோர் வாழும் நகரங்கள் பதிவுக் கட்டுப்பாடுகளை நீக்க வேண்டும் என்று 2019ல் சொல்லப்பட்டது. 2022 முதல் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்ட நாட்டில், இளையர்களைக் கவர நகரங்கள் போட்டியிடுகின்றன. ஷாங்காயோ 2035 வரை தன் மக்கள்தொகையை 25 மில்லியனுக்குள் வைத்துக்கொள்ளத் திட்டமிட்டுள்ளது. வேலை அதிகமுள்ள நகரத்தில் பதிவு கிடைப்பதில்லை. பதிவு எளிதாகக் கிடைக்கும் சிறு நகரத்தில் வேலை குறைவு.

இன்னொரு விந்தை, நகரப் பதிவு கிடைத்தாலும் பலர் கிராமப் பதிவை விட மறுக்கிறார்கள். ஆயியின் குடும்பத்துக்கு ஊரில் ஒரு துண்டு வயலும் வீட்டு மனையும் உண்டு. பதிவை மாற்றுவதற்காக நிலத்தைப் பறிக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் பயம் போகவில்லை. கிராமத்து முதியவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் சராசரியாக மாதம் 200 யுவானைச் சுற்றித்தான். எனவே அந்த நிலம்தான் அவர்களின் காப்புறுதி.

இதற்கிடையே அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. 2024ல் கிராமங்களிலிருந்து வந்து வேலைசெய்யும் தொழிலாளர்கள் ஏறத்தாழ 300 மில்லியன். 2014ல் அவர்களின் சராசரி வயது 38. இப்போது 43. பத்தில் மூவர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஷாங்காயின் உயரமான கட்டடங்களைக் கட்டியதும் அவற்றின் தரையைத் துடைப்பதும் அவர்கள்தான். எங்கே முதுமையைக் கழிப்பது என்ற கேள்விதான் இப்போது அவர்கள்முன் நிற்கிறது.

படிப்பு முடிந்ததும் ஹெஃபெய்யில் மருத்துவமனை வேலையில் சேர்ந்து, அம்மாவைத் தன்னுடன் வைத்துக்கொள்ள மகள் விரும்புகிறார். ஆயிக்கோ இன்னும் மூன்றாண்டு வேலை செய்து, மகள் அங்கே வீடு வாங்க முன்பணம் சேர்த்துத் தரவேண்டும். இருவரும் என் முன்னாலேயே அதைப் பற்றி வாதாடினர். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்க மறுக்கும் அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் கட்டுரையில் விகிதங்களும் வரைபடங்களும் நிறைய இருந்தன. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லலாம். 1958ல் போட்ட வேலி இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. அரிசிக் கடையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பள்ளி வாசலுக்கும் அது இடம் மாறியிருக்கிறது.

பரிமாற்றத் திட்டத்திலோ வேலைப் பயிற்சிக்கோ சீனாவுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், வானளாவிய கட்டடங்களைப் படமெடுத்த பிறகு, உங்கள் மாடியைத் துடைப்பவரிடமோ உணவு கொண்டுவருபவரிடமோ சற்றுப் பேசிப் பாருங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். பிறகு, பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். அந்த இரண்டு பதில்களும் ஒரே ஊராக இருக்கிறதா, எத்தனை ஆண்டுகளாக அப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

நான் கிளம்பிய நாளில் ஆயி தன் கைப்பேசியைக் காட்டினார். புத்தாண்டுக்கு ஊருக்குச் செல்ல ரயில் சீட்டு எடுத்திருந்தார். இந்த முறை மகளுக்குச் சட்டை வாங்கவில்லையாம். “அளவு கேட்டேன். வேண்டாம் அம்மா, நீங்கள் வந்தால் போதும் என்றுவிட்டாள்,” என்றார்.